பச்சை விளக்குக்கு முன்னால்

"நீங்க என்கிட்ட மன்னிப்புக் கேக்கணும், சார்."

வேலைக்குச் சேர்ந்த அன்று அம்மா படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியது ஒன்றே ஒன்று: சண்டை போடு, லீவு கேள், முதலாளியை மட்டும் மன்னிப்புக் கேட்கச் சொல்லிவிடாதே. குடும்பத்தில் முதல் பட்டதாரி அதைத்தான் கேட்டுவிட்டு நின்றாள்.

முதலாளிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எதுக்கு?"

"நேத்து அத்தனை பேர் முன்னாடி, என்னாலதான் கம்பெனி பேரு நாறுதுன்னீங்களே, அதுக்கு."

நாறியது உண்மைதான். அவர்களுடைய கம்ப்யூட்டர் கார் பந்தய விளையாட்டில், ஆட்டத்தை நடத்தும் புது சர்வர் வந்ததிலிருந்து, பச்சை விளக்கு எரியுமுன்பே கிளம்பியதாகச் சொல்லி நேர்மையான ஆட்டக்காரர்கள் வெளியே தள்ளப்பட்டார்கள். ஏமாற்றுபவர்களைப் பிடிக்கும் பகுதி அவள் எழுதியது. நேரம் பார்க்கும் பகுதியை எழுதியவர் மூத்த புரோகிராமர். எதையும் வேகமாக்காமல் விடமாட்டார், அதனால் பட்டப்பெயர் 'மின்னல்'. அவர் எழுதியது பழைய சர்வரில் வருஷக்கணக்காகப் பிசகாமல் ஓடியது. ஆகவே பழி புதியவள் தலையில்.

"சாயங்காலத்துக்குள்ள உன் தப்பு இல்லன்னு நிரூபி. இல்லன்னா நாளைக்கு வராதே" என்றார் முதலாளி.

வெளியே வந்ததும் 'நொட்டை' நாற்காலியோடு உருண்டு வந்தான். விளையாட்டைச் சோதித்துக் குறை சொல்வதே அவன் உத்தியோகம்; பட்டப்பெயரில் அவனுக்கு ஏகப் பெருமை.

"அக்கா, துப்பறியப் போறோமா? ஆமா, உங்க மேஜைச் செடி எங்க?"

"அதை விடு. உன்னையும் வெளிய தள்ளிச்சாமே?"

"அநியாயம்க்கா! வாயில டீயை வெச்சுக்கிட்டு, எல்லாரும் போனப்புறம்தான் அமுக்கினேன். முந்திட்டேன்னு துரத்திடுச்சு."

"முதலாளி தனியா ஆடினப்ப?"

"ஒரு தடவைகூட வரலை. கூட்டம் சேர்ந்தாத்தான் இந்தக் கூத்து."

அதற்குள் முதலாளி அவனை அழைத்தார். போனவன் இளித்துக்கொண்டே திரும்பினான்.

"ஹால் கடிகாரத்துல பதினொண்ணு பத்துக்குக் கிளம்பினேன். அவர் ரூம் கடிகாரத்துல பதினொண்ணு ஆறு! கிளம்பறதுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துட்டேன்க்கா."

அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த டீ டம்ளரை மெல்லக் கீழே வைத்தாள்.

"நொட்டை, உன் வாய்க்குச் சர்க்கரைதான் போடணும். எல்லாரையும் ஆட உட்காரச் சொல்லு."

சாயங்காலம் முதலாளியின் அறையில் எல்லோரும் கூடினார்கள்; மின்னலும் இருந்தார், கைகளைக் கட்டிக்கொண்டு.

"டீ குடிச்சுக்கிட்டு கடைசியா அமுக்கினவன் முந்த முடியாது. அப்போ பொய் சொல்றது ஆள் இல்ல, கடிகாரம்" என்று ஆரம்பித்தாள். "பழைய சர்வர்ல ஒரே ஒரு கோர், அதாவது வேலை செய்யற மூளை ஒண்ணுதான். புதுசுல எட்டு. ஒவ்வொண்ணுக்கும் உள்ள தனித்தனிக் கடிகாரம். வேலை இல்லாதப்ப தூங்கற கோரோட கடிகாரம் பின்தங்கிடுது."

"தனியா ஆடினப்ப எனக்கு ஏன் வரலை?" என்றார் முதலாளி.

"ஒருத்தர் வேலைக்கு ஒரு கோரே போதும், சார். கூட்டம் வந்தா வேலையைப் பிரிச்சுக்கும். பச்சை எரிஞ்ச நேரத்தை ஒரு கோர்ல பாக்குது, கார் கிளம்பின நேரத்தை இன்னொண்ணுல. ஹால்ல கிளம்பி உங்க ரூமுக்கு வந்த நொட்டை மாதிரி!"

"ஊகம்" என்றார் மின்னல்.

"மத்தியானம் இவங்க எல்லாரும் ஆடினாங்க. ஆட்டத்தை ஒரே கோர்ல கட்டிப் போட்டேன், ஒருத்தரும் வெளிய போகலை. அவிழ்த்து விட்டேன், மறுபடி துரத்த ஆரம்பிச்சுடுச்சு. எட்டு கோருக்கும் பொதுவா சர்வர்ல ஒரு நேரம் இருக்கு. அதைக் கேக்கறது துளி தாமதம்னு நீங்க நேரா கோரோட கடிகாரத்தையே எட்டிப் பாத்தீங்க. இனிமே பொது நேரத்தைக் கேளுங்க, சரியாயிடும்."

மின்னல் தலையைச் சொறிந்தார். "அன்னிக்கு ஒரே கோர்தானே..." என்றவர் சட்டென்று சிரித்துவிட்டார். "என் தப்புதாம்மா. மன்னிச்சுடு."

எல்லோரும் முதலாளியைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமினார். "சரி சரி, எல்லாரோட தப்பும்தான். நாளையிலேர்ந்து சர்வர் பொறுப்பு முழுக்க உன்கிட்ட. சம்பளமும் கூட்டறேன். சந்தோஷமா?"

"நான் கேட்டது அது இல்ல, சார்."

மேஜைக்கு வந்து, அடியிலிருந்த பெரிய பையை எடுத்தாள். ஜிப்பின் இடுக்கில் இரண்டு பச்சை இலைகள் எட்டிப் பார்த்தன.

"காலையிலயே கட்டி வெச்சுட்டீங்களா!" நொட்டை பின்னாலேயே ஓடினான். "அவர் மன்னிப்புக் கேட்டா திரும்பி வருவீங்களாக்கா?"

"மாட்டேன். ஆனா அவர் கேக்கணும்."

"இனிமே எங்க கேக்கறது, நீங்கதான் கிளம்பிட்டீங்களே."

கதவைத் தோளால் தள்ளியபடி அவள் சிரித்தாள். "அவர் ரூம் கடிகாரப்படி நான் இன்னும் உள்ளதான் இருக்கேன். போய்ச் சொல்லு."