சூடாறாத குப்பி

குளிரூட்டிய பரிசோதனை அறையில் நெடுநேரம் கிடந்த இரத்தக் குப்பிகள் இரண்டனுள் ஒன்று மட்டும் சூடாயிருந்தது. அங்கே இரத்தம் பரிசோதிக்கும் வள்ளி கையுறையைக் கழற்றித் தொட்டுப் பார்த்தாள். யாரோ ஒருவருடைய உள்ளங்கையைப் பற்றினாற்போன்ற சூடு. அதன் ஒட்டுத்தாளில் அவள் தந்தை நாகபூஷணத்தின் பெயர் இருந்தது.

கொரோனா இரண்டாம் முறையாகப் பொங்கிய கோடைக்காலம். திருப்பதியின் அந்தத் தனியார் மருத்துவமனையில், மூச்சுக்கு உதவும் பொறியோடு மேல்தளத்தில் ஒரே ஒரு கட்டில்தான் காலியாயிருந்தது. சித்தூர் வரை தொலைபேசியில் கெஞ்சியாயிற்று, எங்கும் இடமில்லை.

"ரெண்டு பேர்ல யாரு பொழைப்பாங்கன்னு ரத்தம் சொல்லிடும் வள்ளி. அவங்களை மேல ஏத்திடலாம்," என்றிருந்தார் மருத்துவர் ஹரிபாபு. ஒருவர் அவள் தந்தை, மற்றவர் நாயுடுபேட்டை விவசாயி ரங்கையா.

அவள் தந்தை நகரியில் விசைத்தறி ஓட்டியவர். மூச்சிரைத்துக் கிடக்கையிலும், அறுந்த இழையை முடிச்சிடுவதுபோல் அவருடைய கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் ஓயாமல் திருகிக்கொண்டேயிருக்கும். காலையில் அவள் ஊசி செலுத்தியபோதும் கேலியை விடவில்லை.

"குத்திக்கினே கீறியே, இன்னும் ரத்தம் வேணுமா, வள்ளிம்மா?"

இரத்தத்தை ஆராயும் பொறி உறுமி ஓய்ந்தது. தந்தையின் இரத்தத்தில் நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள் தேய்ந்துபோயிருந்தன. உறைவைக் காட்டும் எண்ணோ எல்லையைத் தாண்டி எங்கோ நின்றது. இத்தகைய எண்களோடு கீழ்த்தளத்தில் தங்கியவர் எவரும் வீடு திரும்பியதை அவள் கண்டதில்லை. ரங்கையா தேறிவிடுவார் என்றன அவருடைய எண்கள்.

அறையில் வேறெவரும் இல்லை. நகத்தால் ஒட்டுத்தாள் இரண்டையும் உரித்தாள். மாற்றி ஒட்டினாள்.

மறுபடியும் பொறியில் வைக்க எடுத்தபோது அவள் கை நின்றுவிட்டது. தந்தையின் இரத்தம் சில்லிட்டுக் கிடந்தது. அவர் பெயரை இப்போது தாங்கிய ரங்கையாவின் இரத்தம் சுட்டது.

ஆயினும் பொத்தானை அழுத்தினாள்.

மாலையில் தந்தையை மேலே ஏற்றினார்கள். கிருமிநாசினி நெடியும், வியர்வையில் ஊறிய பாதுகாப்பு உடையின் புழுக்கமும், எங்கோ ஒரு கட்டிலினின்று விடாமல் கூவிய எச்சரிக்கை மணியும் பின்தொடர, வள்ளி படியேறிச் சென்று அவர் அருகில் நின்றாள். முகம் தெளிந்திருந்தது. மூச்சு சீராயிருந்தது.

விரல்கள் மட்டும் அசையவில்லை.

"நைனா?"

கண்கள் திறந்தன. அவளைப் பார்த்தன. அவளை அறியவில்லை.

"ரோஹிணி எக்கட?"

வீட்டில் ஒருநாளும் தெலுங்கு பேசாத வாய், ரோஹிணி எங்கே என்று தெலுங்கில் கேட்டது. ரோஹிணி, ரங்கையாவின் மகள்.

வள்ளி இறங்கி ஓடினாள். படிகள். இருண்ட நடை. கீழ்த்தளக் கதவு.

சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள் ரோஹிணி. வள்ளியைப் பார்த்ததும் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டாள்.

"யாருக்கா அந்த வள்ளி? எங்க நைனா அந்தப் பேரையே கூப்டுக்கினு கீறாரு. என்னைப் பாத்தா யாருன்னு கேக்குறாரு."

ரங்கையாவின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. ஏர் பிடித்துக் காய்த்த வலக்கை போர்வைக்கு மேலெழுந்தது. கட்டைவிரல். ஆட்காட்டி விரல். இல்லாத இழையைத் தேடின. முடிச்சிட்டன. மீண்டும் தேடின.

பிறகு அந்தக் கை மெல்லத் திரும்பி, ஊசிக்குக் காட்டுவதுபோல் வள்ளியை நோக்கி நீண்டது.

"இன்னும் ரத்தம் வேணுமா, வள்ளிம்மா?"