கோளாறு எதுவும் இல்லை

நாய் குரைத்துக்கொண்டே இருந்தது.

சோயா அறுவடை முடிந்து மொட்டையாகிப்போன வயல். பனி இறங்கிய கவுன்டி ரோடு. ரோட்டோரப் பள்ளத்தில், பளீரென்ற ஆரஞ்சு ஜாக்கெட்டோடு எம்மெட் ஷ்லேட்டர் குப்புறக் கிடந்தார்.

ஓய்வுபெற்ற தபால்காரர். தினமும் விடிந்ததும் நாயோடு நடக்கிறவர். மான் வேட்டை ஆரம்பித்த திங்கட்கிழமை அது. எவனாவது தன்னை மான் என்று நினைத்துச் சுட்டுவிடக் கூடாதே என்பதற்காகத்தான் அந்த ஆரஞ்சு ஜாக்கெட்.

யாரும் சுடவில்லை.

காரால் அடித்துத் தூக்கி எறிந்துவிட்டுப் போயிருந்தார்கள்!

டெபுடி ஷெரிஃப் ஓரின் டீக் குனிந்தான். நாயின் காலடியில் ஏதோ மின்னியது. எடுத்தான். ஒரு காரின் முன் பம்பரிலிருந்து உடைந்த துண்டு. கருநீலம்.

"புதுக்கார்," என்று நாயிடம் சொன்னான். "பனி உருக ரோட்டுல கொட்டற உப்பே படாத பெயின்ட். ஒரு குளிர்காலம்கூடப் பாக்கல."

நாய் அவனை நம்பியது. அந்த ஊரில் அவனை நம்பியது அது ஒன்றுதான்.

*

புதன்கிழமை. போன் அலறியது.

ட்வைலா புஷர் ஒரு கையில் சாய பிரஷ்ஷோடு எடுத்தாள். ஒரே ஒரு அறை, இரண்டே நாற்காலி. அவளுடைய பார்லர். நாற்காலியில் தலை முழுக்க அலுமினியத் தாள் சுற்றி பெர்னீஸ் உட்கார்ந்திருந்தாள். ஊர்ச் செய்திகளை ஒட்டுக் கேட்பதற்காகவே சாயம் போட வருகிறவள்.

"ட்வைலா மேடம்! லைல் பேசறேன். உங்க கார் விஷயமா ஒரு நல்ல செய்தி!"

பிரஷ் நின்றது.

லைல் வாண்டர்ஹார். அவளுக்குக் கார் விற்ற ஷோரூமின் சர்வீஸ் மேனேஜர். அவன் வாயிலிருந்து நல்ல செய்தி வருவது இதுவே முதல் தடவை.

"சரி பண்ணிட்டீங்களா?"

"அது சரியாகாது மேடம். அது எலுமிச்சை!"

பிறக்கும்போதே கெட்டுப்போய்ப் பிறக்கும் புதுக்காருக்கு இங்கே அதுதான் பெயர். அதற்கென்று சட்டமும் இருக்கிறது. ரிப்பேர் செய்ய வாய்ப்புக் கொடுத்தும் அதே கோளாறு திரும்பத் திரும்ப வந்தால், காரை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

நல்ல சட்டம்தான். ஆனால் கோளாறு இருக்கிறது என்று ஷோரூம்காரன் எழுதித் தொலைக்க வேண்டுமே!

நெடுஞ்சாலையில் பால் லாரியை முந்தும்போது அந்தக் கார் செத்தது. ஸ்டியரிங் கல்லாக இறுகியது. கொண்டுபோனாள். 'கோளாறு எதுவும் இல்லை' என்று எழுதிக் கொடுத்தான் லைல்.

பள்ளிக்கூடச் சரிவில் செத்தது. 'கோளாறு எதுவும் இல்லை.'

"நாங்க ஓட்டிப் பாத்தோம் மேடம். வெண்ணெய் மாதிரி வழுக்கிட்டுப் போகுது. நீங்க ஹை ஹீல்ஸ் போட்டு ஓட்டுவீங்களோ?"

கடைசியாகப் போன சனிக்கிழமை. ரயில் தண்டவாளத்துக்கு நடுவில் செத்தது! ரயில் வருவதற்குள் இரண்டு பேர் சேர்ந்து தள்ளிவிட்டதால் அவள் இன்று சாயம் பூசிக்கொண்டிருக்கிறாள்.

அந்த லைல்தான் இப்போது தேன் ஒழுகப் பேசினான்.

"நீங்க ஒண்ணுமே பண்ண வேணாம் மேடம். மத்தியானம் வந்து ஒரு கையெழுத்து. பணத்தை வாங்கிட்டுப் போயிட்டே இருங்க. கம்பெனிகிட்ட நாங்க பேசிக்கறோம். டிரக் வருது, காரை இன்னிக்கே கென்டக்கி ஏலத்துக்கு ஏத்திடுவோம்."

"இன்னிக்கேவா? மாசக்கணக்குல இழுக்கும்னு வக்கீல் சொன்னாரே?"

"நாங்களும் மனுஷங்கதானே மேடம்?"

"இல்லன்னுதான் இத்தன நாளா நெனச்சிட்டிருந்தேன்."

போனை வைத்தாள். மகிழ்ச்சியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் பிரஷ்ஷைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு போனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னடி?" என்றாள் பெர்னீஸ்.

"கார்க்காரன் பணத்தைத் திருப்பித் தரேங்கறான் ஆன்ட்டி. நான் கேக்கறதுக்கு முன்னாடியே."

"அப்போ எதையோ திருடியிருக்கான்டி."

வாசல் மணி அடித்தது.

ஓரின் டீக் தொப்பியைக் கழற்றாமல் உள்ளே வந்தான். பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பின் வரிசை. இருபது வருஷமாக அவள்தான் அவனுக்கு முடி வெட்டுகிறாள்.

"முடி வெட்டணுமா?"

"இல்ல. உன் கார் எங்க?"

"லைல்கிட்ட. ஏன்?"

அவன் சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்து மேஜையில் போட்டான். கருநீலத் துண்டு.

"எம்மெட் பக்கத்துல கெடந்துச்சு. இந்த மாடல், இந்தக் கலர், நம்ம கவுன்டியில ரெண்டே பேர்கிட்டதான் இருக்கு. ஒண்ணு சர்ச் பாஸ்டரோடது. அவர் ஒரு மாசமா ஃப்ளோரிடாவுல வெயில் காயறார். காரும் அவரோட காயுது."

"இன்னொண்ணு..."

"நீதான்."

பெர்னீஸின் தலையில் அலுமினியத் தாள் சலசலத்தது. ஒரு வார்த்தையைக்கூட அவள் விடுவதாக இல்லை.

"என் கார் முழுசாத்தானே இருக்கு, ஓரின்!"

"இப்பதான் பாத்துட்டு வரேன். முன் பம்பர் புத்தம் புதுசு."

"காரே புதுசுதானே!"

"காரை விடப் புதுசு." அவன் குரல் இறங்கியது. "லைல் சொல்றான்... திங்கக்கிழமை காலையில நீ கொண்டுவந்து விடும்போதே முன்பக்கம் நொறுங்கியிருந்துச்சாம். மான் மோதிடுச்சுன்னு சொன்னியாம். பாவப்பட்டு இலவசமா மாத்திக் குடுத்தானாம்."

ட்வைலாவின் முகம் வெளுத்தது.

"பொய்! சனிக்கிழமை சாயங்காலமே கார் அங்க போயிடுச்சு! நார்ப்தான் அவனோட டோ டிரக்ல இழுத்துட்டுப் போனான். ஷாப் மூடியிருந்துச்சு. சாவியை வாசல் பெட்டியில போட்டுட்டு வந்தேன்!"

"யார் பாத்தா?"

"நார்ப்தான். அவனைக் கேளு!"

"நார்ப் மான் வேட்டைக்குப் போயிருக்கான். காட்டுல சிக்னல் கெடையாது. ஞாயித்துக்கிழமைதான் வருவான்."

"ஞாயித்துக்கிழமையா? இன்னிக்கு மத்தியானமே காரை ஏத்தறாங்க!"

"யாரு?"

சொன்னாள். பணம், டிரக், கென்டக்கி ஏலம் எல்லாம். சொல்லச் சொல்லத்தான் அவளுக்கே விளங்கியது. கையெழுத்துப் போட்டால் பணம் கைக்கு வரும். கார் கையை விட்டுப் போகும். காரோடு சேர்ந்து, அதில் ஒட்டியிருக்கும் எல்லாமும் போகும். மிச்சம் இருப்பது லைலின் வார்த்தை மட்டும். அந்த வார்த்தைப்படி எம்மெட்டைக் கொன்றது அவள்!

"என்னை நம்பறியா, ஓரின்?"

"நான் யாரையும் நம்பறதில்ல."

"அவனை?"

ஓரின் தாடையைச் சொறிந்தான்.

"போன வருஷம் என் வண்டிக்கு வைப்பர் மாத்தினான். வைப்பருக்கு ஒரு காசு. வைப்பரைப் பாத்ததுக்குத் தனிக் காசு." தொப்பியைச் சரி செய்தான். "அவன் உனக்கு ஒரு பம்பரையே இலவசமா குடுத்திருக்கான். அதுதான் எனக்கு ஜீரணமாகல. கெளம்பு."

"என் தலை?" என்று அலறினாள் பெர்னீஸ்.

"வந்து கழுவறேன் ஆன்ட்டி! கலர் கொஞ்சம் தூக்கலா இருக்கும், அவ்வளவுதான்!"

*

ஷோரூமுக்குப் பின்னால் டிரக் தயாராக நின்றது. சரிவுப் பலகை இறங்கியிருந்தது. கருநீலக் கார் அதன் காலடியில். கழுவி, மெழுகு பூசி, கல்யாணப் பெண் மாதிரி.

லைல் பேனாவை நீட்டினான். சிரிப்பு காதுவரை இருந்தது. ட்வைலாவுக்குப் பின்னால் ஓரினைப் பார்த்ததும் அது பாதியாகக் குறைந்தது.

"டெபுடி சார்... நீங்க மறுபடியுமா?"

"மேடத்துக்குத் துணைக்கு வந்தேன். காரைக் கடைசியா ஒரு தடவை பாக்கணுமாம். உருகறாங்க."

"இங்க ஒரு கையெழுத்து போதும், மேடம்."

ட்வைலா பேனாவை வாங்கினாள். காகிதத்தைத் தொடவில்லை.

"லைல், ஒண்ணு கேக்கணும். நான் காரை எப்போ கொண்டுவந்தேன்?"

"திங்கக்கிழமை காலையில. நாங்க கடை திறந்ததும். நீங்களே ஓட்டிட்டு வந்தீங்க... முன்பக்கம் நொறுங்கி... பாவம், மான்!"

"மான் பெருசா?" என்றான் ஓரின்.

"கொம்பு மான்னு சொன்னாங்க."

"கொம்பு மானை இடிச்சுட்டுக் கறியை விட்டுட்டு வந்தாளா? இந்த ஊர்க்காரியா இவ?"

டிரக் டிரைவர் சிரித்துவிட்டான். லைல் சிரிக்கவில்லை.

ஓரின் காரைச் சுற்றி நடந்தான். குனிந்தான். நிமிர்ந்தான். அவசரமே இல்லாமல் சொன்னான்...

"டோ டிரைவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, லைல். கொக்கி மாட்டறதுக்கு முன்னாடி வண்டியை முன்ன, பின்ன, சுத்தி போட்டோ எடுத்து வெச்சுக்குவாங்க. பின்னால எவனாவது 'நீதான் கீறிட்ட'ன்னு சண்டைக்கு வந்தா காட்டறதுக்கு. சனிக்கிழமை சாயங்காலம் நார்ப் எடுத்த போட்டோவுல இந்தப் பம்பர்ல ஒரு கீறல்கூட இல்ல."

லைலின் வாய் திறந்தது.

"டோ டிரக்கா? அவ... ஓட்டிட்டு வந்து விடலையா?"

சொன்ன பிறகுதான் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது.

திங்கட்கிழமை வந்ததாகச் சொன்ன கார்! சனிக்கிழமை அதை யார் எப்படிக் கொண்டுவந்தால் இவனுக்கு என்ன? 'சனிக்கிழமை கார் இங்கே வரவே இல்லை' என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்!

"சாவிப் பெட்டியை எப்போ திறந்த, லைல்?" ஓரினின் குரல் மெதுவாக இருந்தது. கை இடுப்பில் இருந்தது.

லைல் டிரக்கைப் பார்த்தான். கேட்டைப் பார்த்தான். ஓடுகிற வயதில்லை.

"ஞாயித்துக்கிழமை," என்றான். "கோளாறு எப்போவாவதுதான் வருதுன்னா, காரை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் ஓட்டிப் பாக்கறது எங்க வழக்கம் சார்... எல்லா ஷாப்லயும் உண்டு! திங்கக்கிழமை காலையில திரும்ப வரும்போது... அவர் ரோட்டோரமா... அது விபத்து சார்! சத்தியமா விபத்து!"

"போன் பண்ணியா?"

லைல் தரையைப் பார்த்தான்.

"அவர் எவ்வளவு நேரம் உயிரோட கெடந்தார்னு தெரியுமா?"

லைல் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான்.

"விபத்துங்கற." ஓரின் கார் பானெட்டைத் தட்டினான். "இது நல்ல கார், லைல். பிரேக் நல்லா இருக்கு. ஸ்டியரிங் நல்லா இருக்கு. வெண்ணெய். கோளாறு எதுவும் இல்லைன்னு நீயேதான் திரும்பத் திரும்ப எழுதி, கையெழுத்தும் போட்டிருக்க. நல்ல காரு... நேர் ரோடு... ஆரஞ்சு ஜாக்கெட். கண்ணு தெரியாதவனுக்குக்கூடத் தெரியும். அவர் மேல போய் ஏத்தியிருக்கேன்னா அது விபத்து இல்ல. வேணும்னே பண்ண கொலை!"

"ஐயோ... இல்ல!"

லைல் அலறிய அலறலில் ஷோரூமுக்குள் கார் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கண்ணாடிக்கு ஓடி வந்தார்கள்.

"இன்ஜின் செத்துடுச்சு சார்! ஓடிட்டிருக்கும்போதே செத்துடுச்சு! ஸ்டியரிங் கல்லாயிடுச்சு! திருப்பறேன்... திருப்பறேன்... திரும்பவே இல்ல! இந்தக் கார் எமன் சார்! இதை ரோட்டுல விட்டிருக்கவே கூடாது!"

"இப்படி ஆகும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும் சார்! மொத தடவை ஓட்டிப் பாத்தப்பவே என் கையில செத்துச்சு! எங்க மெக்கானிக்கைக் கேளுங்க! எல்லாருக்கும் தெரியும்!"

"தெரிஞ்சும் நல்ல கார்னு எழுதி இவகிட்ட திருப்பிக் குடுத்த?"

லைல் காரையும் ட்வைலாவையும் மாறி மாறிப் பார்த்தான்.

கார் நல்ல கார் என்றால் அவன் கொலைகாரன். கெட்ட கார் என்றால், தெரிந்தே ஒரு பெண்ணை அதில் ஏற்றி அனுப்பியவன். எந்தப் பக்கம் குதித்தாலும் ஜெயில்! ஒரு பக்கம் கொஞ்சம் ஆழம் கம்மி, அவ்வளவுதான்.

அவன் ஆழம் கம்மியான பக்கத்தைத் தேர்ந்தெடுத்தான்.

"கெட்ட கார் சார்," என்றான் அழுதுகொண்டே. "எலுமிச்சை. எந்தக் கோர்ட்டுல வேணாலும் சொல்றேன்."

விலங்கு க்ளிக் என்றது.

ஓரின் அவனை போலீஸ் காரின் பின் சீட்டில் தள்ளிக் கதவைச் சாத்தினான். டிரக் டிரைவரை வெறும் டிரக்கோடு போகச் சொன்னான். கருநீலக் காரைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டினான்.

"கார் இனி எங்க கஸ்டடி," என்றான் ட்வைலாவிடம். "உன் வக்கீல்கிட்ட சொல்லு. கார் மோசம்னு சாட்சி சொல்ல இதை விட நல்ல ஆள் உலகத்துலயே கெடைக்க மாட்டான். அது ஒண்ணுதான் இப்போ அவனுக்கு இருக்கற ஒரே தற்காப்பு."

"அந்த போட்டோவை எனக்கும் ஒரு காப்பி குடு. வக்கீல் கேப்பார்."

"எந்த போட்டோ?"

"நார்ப் எடுத்தது!"

ஓரின் முதல் தடவையாகத் தொப்பியைக் கழற்றினான்.

"நார்ப் இன்னும் காட்டுலதான் இருக்கான். சனிக்கிழமை அவன் போட்டோ எடுத்தானா, பீர் குடிச்சானா... எனக்கு எப்படித் தெரியும்?"

பின் சீட்டுக் கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. அந்த முழு வாக்கியமும் லைலின் காதில் விழுந்தது. அவன் முகம் போன போக்கைப் பார்க்க பெர்னீஸ் இல்லாமல் போனது அந்த ஊருக்கே நஷ்டம்.

ட்வைலா ஜன்னல் பக்கம் குனிந்தாள்.

"ஒருவழியா கோளாறைக் கண்டுபிடிச்சுட்டீங்களே, லைல்! இது வாரன்ட்டியில வருமா... இல்ல தனியா பில் போடுவீங்களா?"