உடனிருப்பாளர்

தளர்வு நாள் காலையில் முத்துப்பாறையில் யாரும் அடுப்புப் பற்றவைப்பதில்லை. எரிவாயு உருளையை மூடிவிட்டு, பரணில் இருக்கும் பாத்திரங்களைத் தரையில் இறக்கி வைப்பார்கள். சுவர்க் கண்ணாடியைக் கழற்றிக் கட்டிலில் கவிழ்த்துப் போடுவார்கள். கோழிகளைத் திறந்துவிட்டு, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பள்ளி மைதானத்துக்கு வருவார்கள். வந்ததும் அவர்கள் கண் தேடுவது ஒரு நாற்காலியை. அதில் விஞ்ஞானி உட்கார்ந்திருந்தால், வழியில் விட்ட பேச்சைத் தொடர்வார்கள்.

அந்த நாற்காலியில் மூன்று வருடம் உட்கார்ந்தவள் தாட்சாயணி. புவி இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிய கையோடு கிடைத்த ஒப்பந்த வேலை அது. அந்தமானின் வடகோடியில் இருக்கும் அந்தச் சின்னத் தீவுக்கு அடியில் இரண்டு பாறைத் தட்டுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிடக்கின்றன. அந்த நெருக்கலில் சேரும் இறுக்கம், அதாவது தகைவு, ஒருநாள் ஒரேயடியாக உடைந்தால் வங்கக் கடலின் கரைகள் எல்லாம் சுனாமியில் மூழ்கும். அதற்கு முன்பே ஆழ்துளைகளில் நீரைச் செலுத்தி, மாதம் ஒரு சிறு நடுக்கமாக அதைத் தளர்த்திவிடுவதுதான் புவித்தகைவு நடுவத்தின் வேலை. நடுக்கத்தின் அளவை அவள்தான் கணக்கிட்டாள். கணக்கிட்டுவிட்டு, அது நடக்கும்போது ஊர்க்காரர்களோடு மைதானத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அப்படி உட்கார வேண்டும் என்பது சட்டம். யார் தலைக்கு மேல் கூரை ஆடுகிறதோ, அவர்களோடு அளவைத் தீர்மானித்தவரும் இருக்க வேண்டும் என்று மக்கள் போராடி வாங்கிய உடனிருப்புச் சட்டம். முதலில் பெரிய விஞ்ஞானிகளே வந்தார்கள். பிறகு, நிரந்தரப் பணியாளர்களை ஆபத்தான இடத்துக்கு அனுப்பினால் காப்பீடு செல்லாது என்று ஒரு திருத்தம் வந்தது. நடுவத்தின் சார்பில் ஒருவர் இருந்தால் போதும் என்று ஆனது. படிப்பை முடித்துவிட்டு வேலை தேடும் இளம் ஆய்வாளர்களுக்காக 'உடனிருப்பாளர்' என்ற பதவி அப்படித்தான் உருவானது. முத்துப்பாறைக்கான நிரந்தர இடம் வெகுநாள் நிரப்பப்படாமல் கிடந்ததால், கணக்கும் நாற்காலியும் தாட்சாயணி ஒருத்திக்கே வாய்த்தன.

மூன்று வருடம் முடிந்ததும் அவளுக்கு அந்த நிரந்தர இடம் கிடைத்தது. சென்னையில் குளிரூட்டிய அறை, பெயர்ப்பலகை. அவள் விட்ட நாற்காலிக்கு ரிஸ்வானா போனாள். காயல்பட்டினத்துப் பெண், பாறை உராய்வில் ஆய்வு செய்தவள். இனி அளவைத் தாட்சாயணி தீர்மானிப்பாள். ரிஸ்வானா அங்கே இருப்பாள். ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம் என்று விதியில் ஒரு வரி இருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரிஸ்வானாவின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் பரிந்துரைப்பவளும் தாட்சாயணிதான்.

ஐந்தாவது மாதம் நடுவத்தின் இயக்குநர் புருஷோத்தமன் தாட்சாயணியைக் கூப்பிட்டார்.

"முத்துப்பாறை ரொம்பப் பின்தங்குதும்மா. இந்த வேகத்துல தளர்த்தினா, உள்ளே சேர்ற தகைவுதான் ஜெயிக்கும். பார்த்துச் செய்."

அவர் சொன்னது பொய்யில்லை. தாட்சாயணி புதிதாகக் கணக்கிட்டாள். ரிக்டர் அளவில் நான்கு புள்ளி மூன்று என்று வந்தது. அதுவரை அந்த ஊரில் அளவு நான்கைத் தொட்டதே இல்லை.

திரையில் ரிஸ்வானா அந்த எண்ணைப் பார்த்தாள்.

"மேட்டுத்தெருவுல மண்ணு இளக்கமா இருக்கேக்கா. அதையும் சேர்த்துத்தான் போட்டீங்களா?"

"வரம்புக்குள்ளதான் இருக்கு. ஏன், ஆட்சேபம் ஏதாவது பதியணுமா?"

"இல்லக்கா. சும்மாதான் கேட்டேன்."

தளர்வு நாளன்று சென்னையில் மேசை மேலிருந்த காப்பி அசையவில்லை. அளவு சொன்னபடியே வந்ததைத் திரையில் பார்த்துத் தாட்சாயணி திருப்தியோடு நாற்காலியில் சாய்ந்தாள். சற்று நேரத்தில் தொலைபேசி அடித்தது.

மேட்டுத்தெருவில் உடனிருப்பாளர்களுக்குச் சோறு போடுபவள் எமல்டா. அவள் கணவர் சூசை முதுகு முறிந்து படுக்கையில் கிடப்பவர். தளர்வு நாட்களில் அவரை யாரும் வெளியே தூக்கி வருவதில்லை. லேசாகத்தானே ஆடும் என்று விட்டுவிடுவார்கள். தாட்சாயணி இருந்த மூன்று வருடத்தில் வந்த பழக்கம் அது. இந்த முறை அபாயச் சங்கு ஊதிய பிறகு, ரிஸ்வானா நாற்காலியை விட்டு எழுந்து ஓடியிருக்கிறாள். எமல்டாவோடு சேர்ந்து அவரைப் பாயோடு இழுத்து வாசலுக்கு வெளியே சேர்த்துவிட்டாள். பின்னால் வந்த ரிஸ்வானாவின் கால் மேல் சன்ஷேடு இடிந்து விழுந்தது.

வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மருத்துவமனைக்குப் போன தாட்சாயணி, கட்டிலின் எந்தப் பக்கம் நிற்பதென்று தெரியாமல் நின்றாள். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது.

"நீ ஏம்மா ஓடினே?" என்றாள்.

"நாலு புள்ளி மூணுன்னு எனக்குத்தானே தெரியும். அவங்களுக்குத் தெரியாதே."

"அதிகம்னு உனக்குத் தோணிச்சா?"

ரிஸ்வானா முகத்தைத் திருப்பவில்லை. "நானும் ஒருதடவை போட்டுப் பார்த்தேன்க்கா. எனக்குக் குறைவாத்தான் வந்துச்சு. ஆட்சேபம் எழுதி வெச்சேன். அனுப்பல. வீட்டுல தம்பி படிக்கிறான். ஒப்பந்தம் முடியப் போற நேரம்..." என்று நிறுத்திவிட்டு, "தப்பு என் மேலயும்தான்" என்றாள்.

அந்த 'உம்'மைத் தாட்சாயணியால் தாங்க முடியவில்லை. தன் மேல் முழுப் பழியையும் போட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

விசாரணைக் குழு ஒரே அமர்வில் முடிந்தது. அளவு அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் இருந்தது, தீர்மானித்தவர் மேல் குற்றம் இல்லை என்றார்கள். புருஷோத்தமன் அவள் தோளைத் தட்டினார். அன்று அவள் பழைய கணக்குகளை எல்லாம் எடுத்துப் பார்த்தாள். மைதானத்தில் உட்கார்ந்திருந்த மூன்று வருடமும், மேட்டுத்தெருவின் இளக்கமான மண்ணுக்காக ஒவ்வொரு முறையும் பிழை வரம்பைக் கொஞ்சம் அகலமாக வைத்து, அளவைக் குறைத்திருந்தாள். யாரும் வைக்கச் சொல்லவில்லை. சென்னைக்கு வந்த பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகியிருந்தது. யாரும் குறைக்கச் சொல்லவும் இல்லை. அவள் பயம் அந்தச் சமன்பாட்டுக்குள் ஓர் உறுப்பாக இருந்திருக்கிறது. நாற்காலி மாறியதும் அது பூஜ்யமாகிவிட்டது.

பணியில் ஊனமுற்ற உடனிருப்பாளருக்கு நிரந்தர இடம் தர வேண்டும் என்று விதி இருந்தது. ஆனால் காலியிடம் வந்தால்தான் தருவார்கள். தாட்சாயணி ராஜினாமாக் கடிதத்தோடு உடனிருப்பாளர் பதவிக்கான விண்ணப்பத்தையும் சேர்த்துக் கொடுத்தாள்.

"உனக்கென்ன பைத்தியமா? உன் இடத்துக்கு எத்தனை பேர் தவம் கிடக்கிறாங்க தெரியுமா?" என்றார் புருஷோத்தமன்.

"ரிஸ்வானாவுக்கு வேலை கிடைக்கும் சார்."

"அவளுக்காகன்னா இன்னொரு வழி பார்க்கலாம்."

"எனக்காகவும்தான்" என்றாள்.

முத்துப்பாறைக்குத் திரும்பி வந்தவளை யாரும் திட்டவில்லை. எமல்டா சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு, பேசாமல் உள்ளே போனாள். சூசைதான் படுக்கையிலிருந்து, "எப்ப வந்தே தாயி?" என்று பழையபடியே கேட்டார். அவள் தட்டை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

தளர்வு நாளுக்கு முந்தின மாலை, திரையில் ரிஸ்வானா வந்தாள். சென்னையில் அதே அறை. ஊன்றுகோல் சுவரில் சாய்ந்திருந்தது.

"நாலுன்னு வெச்சிருக்கேன்க்கா. இயக்குநர் நாலு புள்ளி ரெண்டு கேட்டார். குறைச்சு வாங்கியிருக்கேன்."

தாட்சாயணி தன் கணக்கைப் பார்த்தாள். மூன்று புள்ளி எட்டு. அதைச் சொல்ல வாயெடுத்தவள், திரையில் இருந்தவளைப் பார்த்தாள். எதிரே இருப்பவள் ஒரு காலை இழந்து அந்த இடத்துக்கு வந்தவள். தன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டியவளும் அவளே. போதாததற்கு, அளவைக் குறைத்துக்கொண்டே போனால் பூமிக்கு அடியில் சேர்வதற்கு யார் பதில் சொல்வது? இத்தனைக்கும் நடுவில் ஓர் எண்ணைச் சொல்வது இவ்வளவு கஷ்டமா என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"மூணு புள்ளி எட்டு" என்றாள். "ஆட்சேபமாவே பதிஞ்சுக்கோ."

ரிஸ்வானா எழுதிக்கொண்டாள். எழுதி முடித்த பிறகும் திரையை அணைக்கவில்லை.

"அக்கா, ஒண்ணு கேட்கட்டுமா? அன்னிக்கு நான் இதே மாதிரி சொல்லியிருந்தா, கேட்டிருப்பீங்களா?"

கேட்டிருப்பேன் என்று சொல்லிவிடலாம். அந்தப் பெண்ணுக்குக் கொஞ்சம் ஆறுதலாகவோ, இல்லை, ஆயுசுக்கும் வேதனையாகவோ அது இருக்கலாம். தாட்சாயணி அந்த அறையின் குளிரையும், அசையாத காப்பியையும், அன்று தன் குரலில் இருந்த சலிப்பையும் நினைத்துப் பார்த்தாள்.

"மாட்டேன், ரிஸ்வானா" என்றாள். "கேட்டிருக்க மாட்டேன்."

ரிஸ்வானா கண்ணை மூடித் திறந்தாள். "சரிக்கா" என்றாள். "மூணு புள்ளி எட்டே வைக்கிறேன்."

திரை அணைந்தது. தாட்சாயணி எழுந்து, சூசையை மைதானத்துக்குத் தூக்கிப்போக ஆள் கேட்கத் தெருவில் இறங்கினாள்.