கரித்தூள் படியாத இடம்

பாய்க்குப் பக்கத்தில் தரை பளிச்சென்று இருந்தது. ரேகாவுக்கு அதுதான் உறுத்தியது.

வடசென்னையில் எர்ணாவூருக்குக் குடிவந்த இரண்டு வருடத்தில் அவளுக்கு நன்றாகத் தெரிந்துபோன விஷயம் ஒன்று உண்டென்றால் அது லாரிகள் கிளப்பிவிடும் கரித்தூள். காலையில் எத்தனை தடவை துடைத்தாலும், மத்தியானத்துக்குள் மூன்றாவது மாடிவரை ஏறிவந்து, ஜன்னலைச் சாத்தினாலும் சந்து கண்டுபிடித்து, சோற்றுப் பானை, சுவர், குழந்தையின் காதுமடல் என்று எதையும் விட்டுவைக்காமல் படிந்துவிடும். இன்றும் அறை முழுக்கப் படிந்திருந்தது. நான்கு மாதக் குழந்தை தூங்கும் பாயை ஒட்டி மட்டும், ஓர் ஆள் நீளத்துக்குத் துடைத்த தரை அப்படியே கிடந்தது. யாரோ இவ்வளவு நேரம் அங்கே படுத்திருந்து எழுந்து போனதுபோல. கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது.

கன்டெய்னர் யார்டில் வேலையிலிருந்த புருஷன் அலெக்ஸாண்டருக்குப் போன் போட்டாள்.

"இன்னாமே, துணி எதுனா அங்க கெடந்திருக்கும். சொம்மா பேஜாரு பண்ணாத" என்று சிரித்தான்.

மறுநாள் அந்த இடம் பாயை இன்னும் நெருங்கியிருந்தது. இப்போது அதில் தோளின் வடிவம் தெரிந்தது. தோளிலிருந்து குழந்தையின் தலைவரை நீண்டிருந்த ஒரு கையும் தெரிந்தது. ரேகா குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு மறுபடி போன் போட்டாள்.

"யோவ், எம்புள்ளைய எடுத்துகினு பூடும்யா அது. ராயபுரத்துல எங்கம்மா வூட்ல எங்கள வுட்டுடு."

அவள் அழுததில் அவனும் பயந்துவிட்டான். "நாலு மணிக்கு வந்துர்றேன். புள்ளைய கைய வுட்டு எறக்காத."

அக்கம்பக்கத்தில் எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். வெளியே தார் உருகுகிற வெயில். பச்சைக் குழந்தையோடு எங்கே போய் நிற்பது. கதவில் முதுகைச் சாய்த்து, குழந்தையை மடியில் போட்டு, சின்னச் சத்தமும் காதில் விழட்டும் என்று மின்விசிறியை நிறுத்திவிட்டு, கீழே வரிசைகட்டி நின்ற லாரிகளின் பிரேக் சீறலையும் கருகிய ரப்பர் வாடையையும் தவிர வேறெதுவும் இல்லாத அந்த அறையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். வியர்த்துக் கொட்டியது.

கண் சொக்கியது. ஒரு நிமிடம்தான்.

விழித்தாள். கை கறுப்பு. மடி கறுப்பு. குழந்தையின் வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டுத் தூள் இல்லை.

குழந்தை விழித்திருந்தது. தனக்கு நேர் மேலே எதையோ பார்த்துச் சிரித்தது.

ஜன்னல் வெயிலில் தூள் இறங்கிக்கொண்டிருந்தது. மெதுவாக. ஒரு துகள் குழந்தையின் முகத்துக்கு ஒரு முழம் மேலே வந்து நின்றது. அங்கேயே ஒட்டியது. இன்னொன்று. இன்னொன்று. ரேகாவின் மடிமேல் கவிந்திருந்த ஒரு முதுகு, கறுப்பாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய ஆரம்பித்தது.