காலையில் வரும் பச்சை டிக்

குடையை மடக்கினால் தண்ணீர் தெறிக்கத்தான் செய்யும். ஆனால் அத்தனை தண்ணீரும் அவன் முகத்திலும், அவன் கைக்குழந்தை மாதிரி ஏந்தி வந்த நெட்வொர்க் பெட்டியிலும்தான் விழ வேண்டுமா? ஆஸ்பத்திரி வாசலில், கொட்டுகிற மழையில், அவளை அவன் முதன்முதலில் பார்த்தது அப்படித்தான்.

"கண்ணு தெரியலையா?" என்று எரிந்து விழுந்தான்.

"எனக்கு நல்லாத் தெரியும். கண்ணாடிக் கடையில பவர் பாக்கறதுதான் என் வேலை. உங்களுக்குத்தான் பாக்கணும் போல..."

சிரிக்காமல் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஆனால் அந்தக் கண்கள்... அழுது முடித்த கண்களா, இனிமேல் அழப்போகிற கண்களா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. பெட்டியைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் நின்றான்.

அவன் அந்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் ஆள். சர்வர் படுத்தாலும் அவன்தான், பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் அவன்தான், டாக்டர்கள் பாஸ்வேர்டை மறந்தாலும் அவன்தான். யார் கூப்பிட்டாலும் "ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?" என்றே ஆரம்பிப்பதால், நர்ஸுகள் முதல் லிஃப்ட்காரர் வரை எல்லாரும் அவனுக்கு "ரீஸ்டார்ட்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அன்றைக்கு விடிந்ததிலிருந்தே அவனுக்கு நேரம் சரியில்லை. ஃபைல்கள் எல்லாம் இருக்கும் ஸ்டோரேஜில் இரண்டு டிஸ்க் ஒன்றாகச் செத்துக் கிடந்தன. ஒன்று போனால் தாங்கும், இரண்டு போனால் தாங்காது.

கொஞ்ச நேரத்தில் ரெக்கார்ட் கவுண்டரிலிருந்து கூப்பிட்டார்கள். போனால், அங்கே நின்று சண்டை போட்டுக்கொண்டிருப்பது அதே குடைக்காரி.

அவளுடைய அப்பா காய்கறி மார்க்கெட்டில் ஏலம் விடுகிறவர். மைக் வேண்டாம், மார்க்கெட் முழுக்கக் கேட்கும். தொண்டையில் கட்டி வந்து, ஆபரேஷனில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்பே பேச்சுப் பயிற்சி டாக்டரம்மா அவரை உட்கார வைத்து, வாக்கியம் வாக்கியமாகப் பேசவைத்துப் பதிவு செய்திருந்தார். அதை ஒரு கருவியில் ஏற்றிவிட்டால், அவர் விரலால் தட்டுவதை அவர் குரலிலேயே அது பேசும். அந்தப் பதிவை வாங்க வந்தவளிடம்தான் 'சர்வர் டவுன்' என்று கையை விரித்திருக்கிறார்கள்.

அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "மேடம், பேக்கப் இருக்கு. தினமும் எல்லாத்துக்கும் இன்னொரு மெஷின்ல நகல் எடுக்கிறேன். காலையில வந்ததும் நான் மொதல்ல பாக்கறதே 'நகல் எடுத்தாச்சு'ன்னு அது போடுற பச்சை டிக்கைத்தான். நாளைக்கு வாங்க, உங்க அப்பா குரல் உங்க கையில இருக்கும்."

அப்போதுதான் அவள் சிரித்தாள். பாழாய்ப்போன அந்தச் சிரிப்பு அவனை அன்றைக்கு முழுக்க வேலை செய்யவிடவில்லை.

மறுநாள் பேக்கப்பைத் திறந்து தேடினான். அவள் அப்பாவின் பதிவு இல்லை. அந்த வருஷத்துக் குரல் பதிவு ஒன்றுகூட இல்லை. புது ஸ்டோரேஜ் வந்தபோது பதிவுகளைப் பழைய இடத்திலிருந்து மாற்றியது அவன்தான். பேக்கப்புக்குப் புது இடத்தைக் காட்ட மட்டும் மறந்துவிட்டான். அது தினமும் காலியான பழைய ஃபோல்டருக்குப் போயிருக்கிறது. எடுக்க ஒன்றும் இல்லை, அதனால் தப்பும் ஒன்றும் இல்லை என்று பச்சை டிக் போட்டிருக்கிறது. ஒரே ஒரு நாள் உள்ளே திறந்து பார்த்திருக்கலாம் மனுஷன். டிக்கைப் பார்த்தான், டீ குடிக்கப் போனான். மற்ற நோயாளிகள் அவரவர் பதிவை முன்பே வாங்கிப் போயிருந்தார்கள். அவருடையது ஒன்றுதான் பாக்கி.

சாயங்காலம் அவள் வந்தாள். சொல்லிவிடு என்றது மனசு. "இன்னும் கொஞ்சம் வேலை இருக்கு..." என்றது வாய். செத்த டிஸ்க்குகளிலிருந்து தரவை மீட்கிறவர்கள் வெளியூரில் இருந்தார்கள். அங்கே அனுப்பி வைத்துவிட்டு, வந்துவிடும், வந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

கடை முடிந்ததும் அவள் தினமும் வர ஆரம்பித்தாள். சர்வர் ரூம் குளிரில் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அவனுடைய ஸ்டூலையும் பிடுங்கிக்கொண்டு உட்காருவாள். இந்த ரூமில் தயிரை வைத்தால் ஒரு வாரம் புளிக்காது என்பாள். வயரையெல்லாம் இப்படிச் சிக்கெடுத்துக் கட்டுகிறவன் ஒருநாளாவது தலை வாரக்கூடாதா என்று கேட்பாள். அவன் மறுநாள் வாரிக்கொண்டு வருவான். அதற்கும் கிண்டல் செய்வாள்.

ஒருநாள் மினுக்கும் விளக்குகளைக் காட்டிக் கேட்டாள். "இதுல எந்த லைட்டு எங்கப்பா?"

அவன் ஏதோ ஒரு விளக்கைக் காட்டினான். அதையே பார்த்துக்கொண்டு அவள் மெதுவாகச் சொன்னாள்.

"இப்போதைக்கு அந்தக் கருவியில வேற யாரோட குரலோதான் இருக்கு. அப்பா தட்டினதும் யாரோ ஒரு ஆளு என்னைப் 'பாப்பா'ன்னு கூப்பிடுறான். எனக்குப் பதில் சொல்ல வாய் வரமாட்டேங்குது. அப்பா முகம் வாடிப்போகுது..."

அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் வராத சாயங்காலத்தை நினைத்தாலே பயமாக இருந்தது. வந்தாலோ அதைவிடப் பயமாக இருந்தது. இப்படியும் ஒரு காதல் எதிரிக்குக்கூட வரக்கூடாது.

கடைசியில் பதில் வந்தது. டிஸ்க்கின் உள்தகடு முழுக்கக் கீறல், ஒன்றும் மீட்க முடியாது என்றார்கள். சர்வர் ரூமில் மின்விசிறிகளின் இரைச்சலில் யாருக்கும் கேட்காது என்று அவன் வாய்விட்டு அழுதான். திரும்பினால் கதவருகே அவள், நனைந்த குடையோடு.

"உங்கப்பா குரல் இல்லைங்க," என்றான். "பேக்கப்பே ஆகல. தப்பு என்னோடது. ரெண்டாம் நாளே எனக்குத் தெரியும். சொன்னா நீங்க அப்புறம் வரமாட்டீங்கன்னு... வாயை மூடிக்கிட்டேன். உங்களை எனக்கு அவ்வளவு பிடிச்சுப்போச்சு. இதைச் சொல்றதுக்குக்கூட எனக்கு யோக்கியதை கிடையாது."

"தெரியும்," என்றாள்.

"எப்படி?" என்றான் அவன்.

"நாள் முழுக்க ஊரார் கண்ணைப் பாக்கறவ நான். அந்த லைட்டைக் காட்டினீங்களே, அப்போ உங்க கண்ணு என் முகத்துக்கு வரவேயில்ல. டாக்டரம்மாகிட்ட கேட்டேன். அவங்ககிட்டயும் நகல் இல்ல, பேக்கப்புலயும் ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்க."

"அப்புறம் ஏன் வந்தீங்க... தினமும்?"

"நீங்களா சொல்லணும்னு. சொன்னதும் நல்லாத் திட்டிட்டுத் திரும்பிப் பாக்காமப் போயிடணும்னு..." குரல் உடைந்தது. "வெறுக்கத்தான் பாத்தேன். முடியல. அப்பா குரலைத் தொலைச்சவன் மேலயா உனக்கு ஆசைன்னு என்னை நானே திட்டிக்கிட்டு, மறுநாளும் வந்தேன்."

விளக்குகள் பாட்டுக்கு மினுக்கிக்கொண்டிருந்தன.

"ரீஸ்டார்ட் பண்ணா வராதுல்ல?" என்று சின்னப் பிள்ளை மாதிரி கேட்டாள்.

"வராது."

அவள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்க் குடையை விரித்தாள். அவனும் பின்னாலேயே வந்தான். பாதிக் குடையை அவனுக்காகச் சாய்த்துப் பிடித்தாள்.

"வாங்க. அப்பாகிட்ட நீங்களே சொல்லுங்க. ரெண்டு விஷயத்தையும்."

"திட்டுவாருங்க..."

"திட்டணும்," என்றாள் அவள், மழையைப் பார்த்துக்கொண்டே. "அந்த மார்க்கெட் குரல்ல உங்களை நல்லாத் திட்டணும். நான் பக்கத்துல நின்னு கேக்கணும். ஒரே ஒரு தடவை..."

அவன் குடைக்குள் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவள் அழுதுகொண்டே நடந்தாள்.