வாசல் தாண்டாத தயிர்

அன்று பள்ளியில் சுகிர்தம் டீச்சர் ஒரு சொட்டுத் தயிரை நுண்ணோக்கியில் வைத்துக் காட்டினார். குனிந்து பார்த்த முத்துவடிவு ஆடிப்போனாள். டீச்சர் அதன்பிறகு சொன்னது அவள் காதில் அரைகுறையாகத்தான் விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தயிர்ச் சட்டியைத் தூக்கினாள்.

பொழுது சாய்ந்ததும் அம்மா கேட்டாள். "ஏட்டி, சட்டி ஏன் காலியா கெடக்கு?"

"தென்னை மூட்டுல ஊத்திட்டேம்மா. அதுல பாக்டீரியா இருக்கு. கண்ணால பாத்தேன். சிலது பாசிமணி கோத்த மாதிரி உருண்டையா இருக்கு, சிலது சீரகம் மாதிரி நீளமா."

அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். "நாளைக்கு நடவுக்கு வார பொம்பளைகளுக்கு மோர் எங்கன இருந்து குடுப்பேன்? உறை ஊத்தக்கூட ஒரு சொட்டு வைக்கலியே."

உறை என்றதும் டீச்சர் சொன்ன மீதி நினைவுக்கு வந்தது. இவை நல்லவை, பாலைத் தயிராக்குவதே இவைதாம். வெதுவெதுப்பில் ஒன்று இரண்டாகப் பிரியும், இரண்டு நான்காகும். அப்படியென்றால் ஒரு கரண்டி போதுமே!

பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். பேச்சித்தாய் அத்தை அப்போதுதான் விளக்கேற்றி முடித்திருந்தாள்.

"விளக்கு வச்ச பெறவு உறைமோர் வாசல் தாண்டாதுட்டி. தெரியுமில்லா?"

முத்துவடிவு முகம் வாடிவிட்டது. சற்று யோசித்தாள்.

"அது தாண்ட வேண்டாம் அத்தை. எங்க பால் உங்க வாசலுக்குள்ள வரலாமா?"

அத்தை விழித்தாள். "வரலாம்னுதான் நெனைக்கேன்."

காய்ச்சி ஆறவைத்த பால் வந்தது. ஒரு கரண்டி உறை விழுந்தது. குற்றாலத்துச் சாரல் ஊரையே நடுக்கிக்கொண்டிருந்ததால், முத்துவடிவு பானையை உமிக்கூடைக்குள் புதைத்து அத்தை வீட்டு அடுப்போரமே வைத்தாள்.

"குளிர்ல இதுங்க பெருகாது அத்தை."

"இதுங்கன்னா எதுங்க?"

"சொன்னா நீங்களும் தென்னை மூட்டுல ஊத்திருவீங்க."

விடிந்ததும் பார்த்தால், தயிர் கெட்டியாக உறைந்திருந்தது. வயலில் மோர் குடித்த பெண்கள் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். நடவுக்கு வந்திருந்த பேச்சித்தாய் அத்தையும் விடவில்லை. "இப்பவாவது சொல்லுட்டி, அதுங்க எதுங்க?" என்று நச்சரித்தாள். முத்துவடிவு பாசிமணி, சீரகம், நல்லது எல்லாம் சொன்னாள்.

அன்று மாலை விளக்கு வைத்தபின் அத்தை முத்துவடிவு வீட்டு வாசலில் வந்து நின்றாள். முகத்தில் அசடு வழிந்தது.

"நல்லதுன்னுதான் சொன்னே. ஆனா அந்தச் சீரகத்தை நெனைச்சா தயிர்ல கரண்டி வைக்க மனசு வரல. எங்க வீட்டுத் தயிரையும் தென்னை மூட்டுல ஊத்திட்டேன்."

முத்துவடிவு சிரிப்பை அடக்கிக்கொண்டு உமிக்கூடையை அடுப்போரம் நகர்த்தினாள்.

"பாலைக் கொண்டாங்க அத்தை."