கரி அடித்த இடம்

நேற்று சாயங்காலம் படத்தில் அந்த இடது சுண்டு விரல் வெள்ளையாக இருந்தது. இன்று அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கரிக்கோடுகள்.

நெற்றிப் பட்டையில் மாட்டிய பூதக்கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டு அவள் மறுபடி குனிந்து பார்த்தாள். எரிச்சலாக வந்தது. பழைய தாள்களைச் சுத்தம் செய்து பழுது பார்ப்பது அவள் தொழில். அருங்காட்சியகத்தில் யாரோ சிந்திய தேநீருக்கு அவள் தலை உருண்டது. அதற்குப் பிறகு, காலமான இந்தச் சிற்பியின் படங்களை அவர் வீட்டிலேயே வைத்துக் கண்காட்சிக்குத் தயார் செய்யும் வேலை பெரும்பாடு பட்டுக் கிடைத்தது. இதிலும் கறை என்றால் இனி அவளை நம்பி ஒரு பழைய காலண்டரைக்கூட யாரும் கொடுக்க மாட்டார்கள்.

படத்தில் ஒரு பெண் மேசைமேல் குனிந்திருந்தாள். முகம் கிடையாது, முட்டை மாதிரி ஒரு வட்டம், அதைச் சுற்றி ஒரு பட்டை. நவீனச் சிற்பி அல்லவா, கண்ணும் மூக்கும் வைத்துவிட்டால் மரியாதை என்ன ஆவது? தோட்டத்துச் சிலைகளும் அப்படித்தான். ஒன்றுக்குக் காது இல்லை, ஒன்றுக்குக் கை இல்லை.

நேற்றைய போட்டோவையும் இன்றைய போட்டோவையும் கண்காட்சிக்காரருக்கு அனுப்பினாள். உடனே அவர் கூப்பிட்டார்.

"உங்க கை பட்டிருக்கும்மா."

"கையுறை இல்லாம நான் தாளைத் தொடுறதே இல்ல சார்."

"அப்ப பேய் வந்து கிறுக்குச்சா? நாளைக்குச் சட்டம் போட ஆள் வருது. எப்படியாவது எடுத்துடுங்க."

யாரிடம் போய் முட்டிக்கொள்வது? மெத்தென்ற ரப்பரால் ஒற்றி ஒற்றிக் கரியை எடுத்தாள். கையுறையைக் கழற்றிக் கை கழுவப் போனபோது இடது சுண்டு விரல் மரத்திருந்தது. தண்ணீர் குளிர்ச்சி என்று உதறிவிட்டுத் திரும்பி வந்தாள். சுண்டு விரலில் கரி திரும்பியிருந்தது. பக்கத்து விரலிலும்.

மழை விட்டு வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே, தோட்டத்துக் கோடியில் பூட்டிக் கிடந்த பட்டறையிலிருந்து, உளிமேல் சுத்தியல் விழும் சத்தம், அவசரமே இல்லாத ஒருவர் நிறுத்தி நிறுத்தி வேலை செய்வதுபோல் வந்துகொண்டிருந்தது. ஈரக் காற்றில் கல் தூசியின் வறண்ட வாசனை வேறு. இது எப்போது தொடங்கியது என்று அவளுக்குத் தெரியவில்லை.

சிற்பியின் மனைவி வலது கையில் காபியோடு உள்ளே வந்தார். இடது கை வழக்கம்போல் சால்வைக்குள் இருந்தது.

"பட்டறையில யாரும்மா வேலை செய்றாங்க?"

"சாவி என்கிட்டதான இருக்கு" என்றார் அவர்.

"இந்த நிழல் என் உயிரை வாங்குதும்மா. துடைக்கத் துடைக்க வருது."

"நிழலா? அவர் நிழலே போட மாட்டார். கல்லுல எதை வெட்டி எடுக்கணுமோ, அதைத்தான் கரியால அடிப்பார். வெள்ளையா விட்டது நிக்கும்."

"அப்ப இந்தப் படத்துல இருக்கிறது நீங்கதானே?"

அவர் குனிந்து பார்த்தார். டம்ளர் ஆடிக் காபி தரையில் சிந்தியது. "என்னோடது எப்பவோ முடிஞ்சுபோச்சும்மா." சால்வை நழுவியது. இடது மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை. தழும்பு இல்லை, தையல் இல்லை. மெருகு போட்ட கல்லின் வழவழப்பு.

"இந்தத் தாளை நான் பாத்ததே இல்ல. நீ கிளம்பு. எல்லாத்தையும் போட்டுட்டு இப்பவே கிளம்பும்மா."

அவள் தன் நெற்றியைத் தொட்டாள். பட்டை. முன்னால் மேசை. குனிந்த முதுகு.

கிளம்பியிருக்கலாம். ஆனால் தாளில் கரி நடுவிரலுக்கு வந்துவிட்டது. இந்தக் கைகளை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை. கையுறையை மாட்டினாள். இடது கையால் தாளை அழுத்திக்கொண்டு வலது கையால் தேய்த்தாள். ஒற்றி எடுக்கவில்லை, தேய்த்தாள். தாள் கிழிந்தாலும் கிழியட்டும்.

டக். டக்.

கரியைத் தேய்த்தால் கறுப்புத் தூள் வர வேண்டும். மேசையில் வெள்ளைத் தூள். நறநறவென்றிருந்தது.

டக்.

சத்தம் பட்டறையில் இல்லை. அறைக்குள்.

வலிக்கவில்லை. வலித்திருந்தால் கத்தியிருப்பாள்.

இடது கையுறையின் சுண்டு விரல் தட்டையாக மடங்கியது. அடுத்தது பக்கத்து விரல். நடுவிரல். பிறகு கையுறை மொத்தமும் தாள்மேல் தளர்ந்து படுத்தது. அதன் வாயிலிருந்து வெள்ளைக் கல் தூள் மெல்லச் சரிந்து கொட்டியது.

சத்தம் நின்றது.

தாளில், பட்டைக்குக் கீழே, முட்டை முகத்தின் நட்டநடுவில், ஒரு கரிக்கோடு விழுந்தது. அதன்மேல் குறுக்காக இன்னொன்று.